காவிரிக் கரை ஊர்களுக்கு ஒரு வாரம்: கோவில் பட்டியலை வைத்துவிட்டுத் தண்ணீரோடு போங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்து, ஒரு வாரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று காவிரி டெல்டாவின் பழைய ஊர்களைப் பார்க்க வேண்டும். பயண முகவர் ஒருவர் '7 நாளில் 28 கோவில்' என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார், அது சரிப்படுமா, எங்கே தங்குவது, எதை விடலாம். இதுதானே கேள்வி?

சரிப்படாது. 28 கோவிலையும் பார்த்து முடித்துவிடலாம், அதில் சந்தேகமில்லை, அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் இந்த ஓட்டத்துக்குப் பழகினவர்கள். ஆனால் மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு எல்லாக் கோபுரமும் ஒரே கோபுரமாகிவிடும், பெரியவர்களுக்குக் காரில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விடும். அதோடு பெரும்பாலான கோவில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆக ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு சின்னத் துண்டுதான். காலையில் ஒரு கோவில், மிஞ்சினால் இரண்டு, மாலையில் ஒன்று. அதற்கு மேல் போட்டால் அது பார்ப்பது இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது.

நான் சொல்கிற வழி வேறு. இந்த ஊர்கள் எல்லாமே ஒரே ஆற்றுத் தண்ணீரை நம்பி எழுந்தவை. அந்த ஆறு எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகவே நீங்களும் போங்கள்: மேற்கே திருச்சியில் ஆரம்பித்துக் கிழக்கே கடலில் முடியுங்கள். வழியில் வருகிற ஊர்களில் ஐந்தாறை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அப்படிப் போனால் தஞ்சாவூரில் ஏன் அவ்வளவு பெரிய கோவில், கும்பகோணத்தில் ஏன் இத்தனை கோவில், பூம்புகாரில் ஏன் ஒன்றுமே இல்லை என்பதெல்லாம் யாரும் பாடம் நடத்தாமலே பிள்ளைகளுக்கும் புரியும்.

முதலில் தேதி. நம் பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் ஆரம்பிக்கிறது, டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இரண்டும் மோதிக்கொள்கிற காலத்தில்தான் நம் ஆட்கள் எல்லாரும் டிக்கெட் எடுக்கிறார்கள். நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம் வேண்டாம். வங்கக் கடலில் புயல் உருவாகிற நேரம் அது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டது நினைவிருக்கும். டிசம்பர் பதினைந்து தாண்டிப் போனால் மழை அநேகமாகக் குறையும், முழுக்க நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு பெரிய லாபம் உண்டு: சம்பா நெற்பயிர் வயலை நிறைத்துக்கொண்டு நிற்கும், மார்கழி பிறந்திருக்கும், விடியும் முன்பே கோவிலில் பாட்டுக் கேட்கும், தெருவில் பெரிய பெரிய கோலமாக இருக்கும். ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் விடுமுறையைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாள், வாய்க்கால்களின் கடைசிக் கோடியான கடைமடைக்குப் போக இன்னும் பல நாள். அதுவரை காவிரி வெறும் மணல். வெயிலும் உச்சந்தலையைப் பிளக்கும். செப்டம்பரில் ஒரு வார விடுமுறை வருகிறதே, பெரியவர்கள் இல்லாமல் போகிறவர்களுக்கு அதுதான் என் முதல் தேர்வு: ஆற்றில் தண்ணீர் ஓடும், சம்பா நடவு வேலை நடக்கும், கூட்டம் கிடையாது. மார்ச் என்றால் அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் நிற்கும் வயல்கள், அதுவும் ஒரு அழகுதான், ஆனால் மத்தியானத்தில் சூடு ஏறிவிடும்.

சரி, திருச்சி. சிங்கப்பூரிலிருந்து நான்கு மணி நேரம் சொச்சம் நேரடி விமானம். நேராகத் தஞ்சாவூருக்கு வண்டியை விடாமல் முதல் இரவை ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ கழியுங்கள். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஏழு சுற்று மதிலுக்குள் கடைத்தெரு, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் அடங்கிய ஊரே கோவிலாக இருக்கும். நாம் தூரத்திலிருந்து பார்க்கும் அந்த 236 அடி ராஜகோபுரம் 1987-ல்தான் முடிந்தது என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது.

மறுநாள் காலை கல்லணை. முகவர்கள் போடும் பட்டியலில் இதற்குப் பதினைந்து நிமிடம் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, ஏனென்றால் இங்கே கும்பிட ஒன்றும் இல்லை. நான் இதற்கு ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள் என்பேன், ஏனென்றால் டெல்டா முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விஷயம் இதுதான்: காவிரியும் கொள்ளிடமும் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து இங்கே மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, காவிரியின் படுகை மேடு. சும்மா விட்டால் தண்ணீர் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் வயல் காய்ந்து கிடக்கும். அதைத் தடுத்துத் தண்ணீரைத் தெற்கே திருப்புவதற்குத்தான் மணல் படுகையின் மேல் பாறைகளைப் போட்டு, அவை தம் எடையிலேயே அமிழ அமிழ மேலே மேலே அடுக்கி, இடையில் களிமண் பூசிக் கட்டினார்கள். கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துத்தான் தளர்ந்த மணலிலும் அணை நிற்கும் என்று கற்றுக்கொண்டார். முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும் 1830-களில் அவர் காலத்தில் வந்தவை. அந்த மேலணையில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின, கல்லணை நின்றது. (இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை, அதனால் இதை வைத்து முன்னோர் பெருமை பேசிச் சண்டைக்குப் போக வேண்டாம்.)

கல்லணைப் பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். ஒரே இடத்திலிருந்து, உள்ளங்கையிலிருந்து விரல்கள் பிரிவது மாதிரி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் தனித்தனி மதகு வழியாகக் கிளம்பும், பக்கத்தில் கொள்ளிடம் அகலமாகக் கிடக்கும். பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: இந்த அகலத்தை நினைவில் வைத்துக்கொள், கடலோரம் போனதும் கேட்கிறேன்.

கல்லணையிலிருந்து ஆற்றோரமாகவே திருவையாறு வழி தஞ்சாவூர் போகலாம். நெடுஞ்சாலையை விட நேரம் பிடிக்கும், சாலையும் குறுகல், ஆனால் வாழையும் வயலும் படித்துறையுமாக வருகிற வழி அது. திருவையாற்றில் கீர்த்தனை பாடிய தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையில் சின்னதாக, அமைதியாக இருக்கும். ஜனவரி வாக்கில் ஆராதனை நடக்கும்போது மட்டும் நிற்க இடம் இருக்காது. அசோகா வாங்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்ந்த அல்வா, சூடாகத் தொன்னையில் தருவார்கள். நம் சிங்கப்பூர்த் தேக்காவில் டப்பாவில் கிடைப்பதை வைத்து இதை எடை போடாதீர்கள்.

தஞ்சாவூரில் ஓர் இரவு போதும், இரண்டு இருந்தால் நல்லது. பெரிய கோவிலுக்குப் பகலில் போகாதீர்கள், செருப்பில்லாமல் அந்தக் கல் தரையில் காலை வைக்க முடியாது. மாலை நாலரைக்குப் போய் விளக்குப் போடும் வரை இருங்கள். ராஜராஜன் 1010-ல் முடித்த கோவில், 216 அடி விமானம் என்பதெல்லாம் வழிகாட்டி சொல்லிவிடுவார். கூடவே நிழல் தரையில் விழாது என்றும் சொல்லுவார். நிழல் நன்றாகவே விழுகிறது, சாயங்காலம் நீங்களே அதில் உட்காரலாம். அந்தக் கதைகளை விட எனக்குப் பிடித்தது அடிச்சுவர். விமானத்தைச் சுற்றிக் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்வெட்டு. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று ராஜராஜன் எல்லாவற்றையும் வெட்டி வைத்திருக்கிறான். ஆடல் மகளிர் நானூறு பேரைக் கொண்டு வந்து குடியேற்றி, ஒவ்வொருவர் பெயரும், எந்தக் கோவிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்பது வரை அதில் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். காசில்லை, நெல். அந்த நெல் எங்கிருந்து வந்தது என்று கல்லணையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தப் பக்கத்தில் கருங்கல் பாறையே கிடையாது. இவ்வளவு கருங்கல்லும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கல் இல்லாத ஊரில் கல்லால் மலை எழுப்புகிற அளவுக்கு நெல் விளைந்திருக்கிறது.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன, 1931-ல் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து தெரியவந்தவை. பொதுவாக யாரையும் உள்ளே விடுவதில்லை, அதனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் மறுநாள் காலை அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் என்கிற சிவன் திருமேனி அங்கே இருக்கிறது. மாட்டின் மேல் சாய்ந்து நிற்கும் பாவனையில் கை இருக்கும், மாடு இருக்காது. 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. தலைப்பாகையாகச் சுற்றிய சடையை ஒரு பக்கம், அந்தக் காலியான கையை ஒரு பக்கம் என்று என்னால் நகரவே முடியாது. சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் அதே வளாகத்தில்தான். சரபோஜி மன்னர் சேர்த்த புத்தகங்கள், படங்கள், பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் தாங்கும்.

அப்புறம் கும்பகோணம். தங்குவதற்கு இதுதான் மையம். மூன்று இரவு இங்கேயே போடுங்கள், தினமும் பெட்டி கட்டுகிற வேலை வேண்டாம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர், எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கோவிலோ குளமோ வரும். எல்லாவற்றையும் முடிக்க முயற்சி செய்யாதீர்கள். நாகேசுவரன் கோவில் கருவறைச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செதுக்கிய ஆண், பெண் உருவங்கள், சோழர் ஆட்சியின் ஆரம்பக் காலத்தவை, அவற்றுக்காக அங்கே போங்கள். ராமசாமி கோவில் சுற்றுச்சுவரில் ராமாயணம் முழுக்கப் படமாக இருக்கிறது, பிள்ளைகளுக்காக அங்கே போங்கள். மகாமகக் குளத்தைச் சாயங்காலம் சும்மா சுற்றி வரலாம், பதினாறு மண்டபங்கள். மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2016, அடுத்தது 2028. அந்தச் சமயத்தில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள், 1992-ல் நெரிசலில் உயிர்ச் சேதம் ஆன இடம் அது. கணக்குப் பிடிக்கிற பிள்ளை என்றால் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீடு. ஓட்டு வீடு, சின்ன அறை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் பிள்ளைகள் அதைப் பற்றித்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லியோடு கடப்பா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுச் சோம்பு வாசத்தோடு வரும், இங்கே தவிர வேறெங்கும் சரியாக வராது. காபி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; நெடுஞ்சாலை ஓரம் பித்தளை டபராவை வரைந்து வைத்திருக்கிற கடைகளை மட்டும் நம்பாதீர்கள், ஊருக்குள் போய்க் குடியுங்கள்.

கும்பகோணத்திலிருந்து மேற்கே சுவாமிமலை, ஆறுபடை வீட்டில் ஒன்று, அறுபது படி ஏற வேண்டும். கோவிலை விட்டு இறங்கியதும் திருமேனி வார்க்கிற பட்டறை ஒன்றுக்குள் போங்கள், பெரும்பாலும் விரட்ட மாட்டார்கள், முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சி உருவத்தை மெழுகில் செய்கிறார்கள், அளவுக்கு அளவுகோல் கிடையாது, ஓலைக் கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் வரை இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த மெழுகு உருவத்தின் மேல் காவிரிக் கரையிலிருந்து எடுத்த நைசான வண்டல் மண்ணைக் கரைத்துப் பூசுகிறார்கள். அந்த மண்தான் சூட்சுமம், மெழுகில் இழுத்த நகக்கீறல் கூட மண்ணில் பதியும். அது காய்ந்ததும் அதன் மேல் மணல் கலந்த முரட்டு மண், அதன் மேல் கம்பிக்கட்டு. சூடு காட்டினால் மெழுகு உருகி அடியில் வைத்த வழியே ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. நீங்கள் போகிற நாளில் ஊற்றுகிற வேலை நடக்காமல் போகலாம். சிற்றுளி வைத்துக் கண்ணும் நகையும் செதுக்குகிறவர்களைப் பார்த்தாலே போதும். முந்தைய நாள் பார்த்த ரிஷபவாகனர் இதே மாதிரி மெழுகும் மண்ணுமாகத் தொடங்கியவர்தான் என்று சொல்லுங்கள். வாங்குவதாக இருந்தால் பில்லும் உரிய சான்றும் கேட்டு வாங்குங்கள், பழங்காலச் சிலை இல்லை என்பதற்கு விமான நிலையத்தில் ஆதாரம் கேட்கலாம்.

தாராசுரத்துக்குக் காலை வெயில் ஏறுமுன் போங்கள். பெரிய கோவிலைப் போல மலைக்க வைக்காது. இது குனிந்து பார்க்க வேண்டிய கோவில். இரண்டாம் ராஜராஜன் காலம், 12-ஆம் நூற்றாண்டு. குதிரை இழுக்கும் தேராகச் செய்த மண்டபம், யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் எல்லாம் எல்லாரும் காட்டுவார்கள். காட்டாமல் விடுவது கருவறைச் சுவரின் அடியில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் வரிசையாக வரும் நாயன்மார் கதைகள். கண்ணப்பர் கண்ணைப் பெயர்ப்பது, முதலை விழுங்கிய பிள்ளை வாயிலிருந்து திரும்ப வருவது, இன்னது என்று பல இடங்களில் மேலே எழுத்தும் வெட்டியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குப் பெரியபுராணக் கதைகள் தெரியுமானால் வழிகாட்டி வேண்டாம், அவரையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல விடுங்கள். மழை பெய்த மறுநாள் முன்பக்கப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கக்கூடும், அப்போது ஒரு நாள் தள்ளிப் போடலாம்.

கங்கைகொண்ட சோழபுரம் ஓர் அரை நாள். அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும், சுமார் 35 கிலோமீட்டர். ராஜேந்திரன் தஞ்சாவூரை விட்டுவிட்டு இங்கே தலைநகரம் கட்டினான். அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டு சோழ நாட்டை இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று சுற்றிலும் கிராமம். கோவிலும், வெட்டிய ஏரியும், மாளிகைமேட்டில் தோண்டியெடுத்த செங்கல் அடித்தளமும்தான் மிச்சம். கோவில் மதில் என்ன ஆயிற்று என்றால், வருகிற வழியில் தாண்டினீர்களே அந்தக் கீழணை, அதைக் கட்டும்போது இங்கிருந்த கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோவில் கட்டியது தண்ணீர், கோவிலை உடைத்ததும் தண்ணீர் வேலைக்குத்தான். வடக்குப் படிக்கட்டருகே சண்டேசருக்குச் சிவன் பூமாலையைத் தலையில் சுற்றிக் கட்டுகிற சிற்பத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.

நவக்கிரகத் தலங்கள்? பெரியவர்கள் வேண்டிக்கொண்டிருந்தால் போய்த்தான் ஆக வேண்டும், அதில் நான் தலையிட மாட்டேன். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிற வண்டியில் மட்டும் ஏறாதீர்கள். அவரவர் ராசிக்குத் தேவையானது ஒன்றோ இரண்டோ கும்பகோணத்திலிருந்தே பார்த்துவிடலாம், திருநள்ளாறு என்றால் காரைக்கால் போகும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கிழக்கே இறங்குங்கள். மயிலாடுதுறையில் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஐப்பசியில் நீராட வருகிறபோதுதான் அதற்கு உயிர். பூம்புகார் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: பள்ளிப் பாடத்தில் படித்த பட்டினத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். கடற்கரை, சிலப்பதிகாரக் கலைக்கூடம், கீழையூரில் அகழ்ந்தெடுத்த பழைய செங்கல் படகுத்துறை, பல்லவனீச்சரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம், அவ்வளவுதான். ஆனால் கல்லணையில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வைத்தீர்களே, அதற்காகப் போங்கள். காவிரி கடலில் சேரும் இடம் இதுதான், வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். மீதித் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேளுங்கள். வருகிற வழியெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள் அல்லவா, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தரங்கம்பாடி எனக்குப் பிடித்த ஊர், ஒரு மாலையும் ஒரு காலையும் கொடுங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டினார்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இங்கே அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கோட்டை மேலிருந்து பார்த்தால் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோவில், அலை ஏற்கெனவே முன்பகுதியைத் தின்றுவிட்டது. ராஜ வீதியில் காரை விட்டு இறங்கி நடங்கள், ஒரு கோடியிலிருந்து மறுகோடி பத்து நிமிடம்.

கடைசியில் நாகப்பட்டினமும் நாகூரும். நம்மவர்கள் இதை வேளாங்கண்ணிக்குப் போகிற வழியாக மட்டும் நினைக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சிங்கப்பூர்க்காரர்களுக்கு டெல்டாவில் மிக நெருக்கமான ஊர் இதுதான். நம் பக்கத்துச் சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் இங்கே ஒரு புத்த விகாரம் கட்ட, 1006 வாக்கில் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரின் வருவாயைக் கொடுத்தான். இருபது ஆண்டு கழித்து 1025-ல் அவன் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பல் படை அனுப்பினான். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. விகாரத்தைத் தேடி அலையாதீர்கள், கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். கிடைத்த புத்தர் சிலைகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு நாகப்பட்டினம் என்றால் ரஜூலா கப்பல். இங்கே ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரில் இறங்கியவர்கள் எத்தனை குடும்பம்! அவரிடம் பழைய கதை ஏதாவது இருக்கும், கடற்கரையில் உட்காரவைத்துக் கேளுங்கள். நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள், அதில் உயரமானது 131 அடி, கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். உள்ளே மல்லிகையும் சாம்பிராணியும் ஊதுபத்தியுமாக வாசம் தூக்கும், எல்லா மதத்தவரும் வரிசையில் நிற்பார்கள். கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமை நம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கிற நாகூர் தர்காவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போங்கள். 1828-க்கும் 1830-க்கும் இடையில் தென்னிந்தியக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர்கள் கட்டியது, அடக்கத்தலம் கிடையாது, நினைவிடம் மட்டும். அப்போது அந்தத் தெருதான் கடற்கரை, வந்து இறங்கியதும் நன்றி சொன்ன இடம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கே ஒற்றுமை தெரியும். நாகூரில் தம்ரூட் என்கிற இனிப்பும் இறால் வைத்த வாடாவும் வாங்காமல் வராதீர்கள்.

திருவாரூர் உங்கள் திட்டத்தில் கடைசி நாள் நாகையிலிருந்து திரும்பும் வழியில் வரும். கமலாலயக் குளத்தின் பெரிய அளவைப் பார்க்கவும், கோவிலின் பெரிய தேரான ஆழித்தேர் நிற்கிற இடத்தைப் பார்க்கவும் ஒரு மணி நேரம்.

மிச்சமுள்ள சின்ன விஷயங்கள். காரை நீங்களே ஓட்ட நினைக்காதீர்கள், சாலையில் நெல் காயப் போட்டிருக்கும், மாடு படுத்திருக்கும், எதிரே வரும் தனியார் பேருந்துக்கு ஒதுங்க வரப்புதான் இருக்கும். ஓட்டுநரோடு ஒரு வண்டி, ஐந்து பேருக்கு ஏழு இருக்கை வண்டியாக எடுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள். ஒரு நாள் மட்டும் வண்டியை முன்னால் அனுப்பிவிட்டுக் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பாசஞ்சர் ரயிலில் போங்கள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அந்த வாரத்தின் நல்ல காட்சி அதுவாகத்தான் இருக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி பழைய காலுறை வைத்துக்கொள்ளுங்கள், மதியச் சூட்டுக்கும் மழை ஈரத்துக்கும் உதவும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் விசாவைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், அப்பா அம்மா இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாக இருந்தால் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெரியவர்களின் மருந்தைச் சிட்டையோடு கைப்பையில் போடுங்கள். மழை வலுத்துக் கடலோரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் தரங்கம்பாடியையும் நாகையையும் தயங்காமல் வெட்டிவிட்டுக் கும்பகோணத்திலேயே இரண்டு நாள் கூட இருங்கள், அறையை ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிந்து வைத்தால் நஷ்டமில்லை. நாகையிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 140 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு விமானம் என்றால் காலை பத்துக்கே கிளம்பி, திருவாரூரில் நடை சாத்துமுன் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குச் சரியாக இருக்கும்.